மேற்கணக்கில் வெயிலுக்கு இடம் பார்த்தது

கண்டி ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை பத்தரை மணி இருக்கும். கொழும்பிலிருந்து இரண்டாம் வகுப்பில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் பயனில்லை. மடியில் நீளமான தகரக் குழாய் ஒன்று. அதை வைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கவும் முடியவில்லை, கால் நீட்டவும் முடியவில்லை. குழாய்க்குள் இருந்தது வரைபடத் தாள்தான். ஆனால் அதைப் பார்த்த எல்லோரும் வேறு எதையோ நினைத்தார்கள். எதிரே இருந்த பெரியவர் றம்புக்கனையில் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். 1993 மார்ச் முதல் வாரம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும் ஒருத்தி, தகரக் குழாயும் திசைகாட்டியும் தூக்கிக்கொண்டு மலைநாட்டுக்குப் புறப்பட்டால் அதற்கு வேறு என்ன மரியாதை கிடைக்கும்?

வந்த காரியம் இதுதான். நான் மின் பொறியியலாளர். கொழும்பில் நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனம், வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறிய சூரியப் பண்ணை ஒன்று போட நினைத்தது. சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளை ஒரு வெளியில் வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் பற்றரிகளுக்கு ஓர் அறை கட்டி, அங்கிருந்து தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்களுக்கு வெளிச்சம் கொடுப்பது திட்டம். பண்ணை என்றதும் என் அலுவலக நண்பி, "தீனி என்ன போடுவீர்?" என்று கேட்டுச் சிரித்தாள். வெயில்தான் தீனி. அந்த வெயில் நாள் முழுக்க விழும் இடத்தைத் தேர்ந்து திங்கட்கிழமைக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். இடம் சரிவராவிட்டால் பணம் ஹந்தானைப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போய்விடும்.

நிலையத்து வாசலில் பாரூக் நானா காத்திருந்தார். கட்டுகஸ்தோட்டை முஸ்லிம், ஐம்பது வயது, பழைய நீல நிற வான் வைத்திருக்கிறார். பெற்றோலும் சேர்த்து நாளுக்கு எண்ணூறு ரூபா என்று தொலைபேசியில் பேசியிருந்தோம். அவருடைய கண் என் முகத்தைவிடக் குழாயில்தான் அதிக நேரம் நின்றது.

"மிஸ், அதப் பின்னுக்குப் போடுங்க. முன்னுக்கு வெச்சா எல்லாச் செக்பொயின்ட்லயும் நிப்பாட்டுவானுகள்."

"பின்னுக்குப் போட்டா ஒளிச்சு வச்சிருக்கிறம் எண்டு நினைப்பினம், நானா."

அவர் சற்று யோசித்தார். "அதுவும் சரிதான். அப்ப நடுவுல வெய்ங்க."

நடுவில் வைத்தோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு மூன்று மைல். மகாவலிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த வயதான சார்ஜன்ட், குழாயின் மூடியைத் திறந்து தாளை உருவினார். விரித்தார். ஒன்றுமில்லை. திருப்பினார். அங்கும் ஒன்றுமில்லை. வெறும் தாளைப் பார்த்து அவ்வளவு ஏமாந்துபோன மனிதரை நான் கண்டதில்லை. இன்னும் வரையவில்லை, திரும்பி வரும்போது காட்டுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாரூக் நானா மட்டும் வானை எடுத்த பிறகு, "மிஸ், பகிடி விடுற எடமா அது?" என்று கடிந்துகொண்டார்.

அங்கிருந்து வத்தேகம ஆறேழு மைல். பாக்கு மரங்களும் மிளகுக் கொடிகளும் வயல்களுமாகப் பாதை மெல்ல மெல்ல ஏறியது. வத்தேகம கடைவீதியில் தேநீர் குடிக்க நிறுத்தச் சொன்னேன். நோன்பு மாதம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நீங்க குடிங்க. நமக்கு அதால ஒண்ணும் வாற இல்ல," என்று அவர் வானில் சாய்ந்து நின்றார். பிளேன்ரீ மூன்று ரூபா, வெல்லம் தனியாக ஒரு துண்டு. நான் குடித்துக்கொண்டிருக்க, அவர் கிழக்கே மலையைக் காட்டினார். பச்சையும் நீலமுமாய்க் கிடந்த மலைமேலே ஓரிடத்தில் கண்ணைக் குத்துகிற மாதிரி ஏதோ பளபளத்தது.

"என்ன நானா அது?"

"தகரம். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்க் கூர. புதுசாப் போட்டது. எங்க நிண்டு பாத்தாலும் வெளங்கும். நமக்குப் போக ஈக்கிறது அதுக்குப் பக்கத்து மலைக்கு."

அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

தோட்டத்து வீதி வத்தேகமவிலிருந்து ஐந்து மைல். கடைசி ஒரு மைலுக்கு வான் போகாது. தோட்டங்களில் பிரிவுகளைக் கணக்கு என்பார்கள். கீழே இருப்பது கீழ்க்கணக்கு, மலையுச்சிப் பக்கம் இருப்பது மேற்கணக்கு. அவர்கள் வாயில் அது 'மேக்கணக்கு'. நான் போக வேண்டியது அங்கே. வானை மரநிழலில் நிறுத்திவிட்டு, நோன்போடு நடக்க வேண்டாம் என்று நான் சொல்லியும் கேளாமல், பாரூக் நானா குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மேற்கணக்கின் தலைவர் சூசை எதிர்கொண்டார். தலைவர் என்றால் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஆள். மெலிந்த உடம்பு, எதைக் கேட்டாலும் கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் பதில் வரும். மூன்று லயங்களும் படி வைத்ததுபோல் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு அறை. அதைக் காம்பரா என்கிறார்கள். வாசல்களில் கொத்தமல்லிப் பாத்திகள், ஒரு மூலையில் குருத்தோலை செருகிய சின்ன மாதா கோயில். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தவக்காலம் தொடங்கிவிட்டதால் யாரும் இறைச்சிக் கறி சமைக்கவில்லை என்று சூசை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பாரூக் நானாவுக்குச் சந்தோஷம். "நமக்கும் நோன்பு, ஒங்களுக்கும் நோன்பு. இந்த மிஸ்தான் பாவம்," என்றார்.

சூசையின் மனைவி மரியாயி கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். குள்ளமான பெண். கூடை அவளைவிடப் பெரிதாய்த் தெரிந்தது. கூடையை இறக்குமுன்பே என்னிடம் கேட்டாள்:

"வெயில் கரண்டுன்னு சொல்றாங்களே மிஸ், மழக்காலத்துல என்ன பண்ணும்?"

நல்ல கேள்வி. மேகம் இருந்தாலும் கொஞ்சம் கிடைக்கும், பற்றரியில் சேர்த்து வைக்கலாம் என்று விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தன் காம்பராச் சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைக் காட்டினாள். மகள் பிலோமினாவுடையது. பத்தாவது வயது நடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க இங்கே வெளிச்சம் இல்லையென்று வத்தேகமவில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். வந்தால் சட்டை ஒன்றை விட்டுவிட்டுப் போவாள்.

"வேணும்னே மறந்துட்டுப் போவா மிஸ். லைட்டு வந்துருச்சுன்னா புள்ளைய இங்கிட்டே கூட்டியாந்துருவேன்." சொல்லிவிட்டுச் சட்டையை ஒருமுறை தடவினாள்.

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப் போயிற்று. வேலைக்கு வந்த இடத்தில் இப்படி ஒருவரைப் பிடித்துவிட்டால் கஷ்டம். மனம் கணக்கில் தலையிடும்.

ஆனால் அன்று கணக்கு என் பக்கம் இருந்தது. லயங்களுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், தெற்கு நோக்கிச் சரிந்த புல்வெளி ஒன்று கிடந்தது. புல்லுமலை என்கிறார்கள். மரமில்லை, பாறையில்லை. காலையில் ஏறும் வெயில் மாலைவரை நேராக அதன்மேல் விழும். கோணம் பார்க்கும் கருவியால் சுற்றியிருந்த மலைகளை எல்லாம் அளந்தேன். எங்கும் மறைப்பில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது. சூசையும் இரண்டு பேரும் முளைக்குச்சிகள் சீவித் தர, நான் சிவப்புத் துணி கட்டிய அந்தக் குச்சிகளை வரிசையாக நட்டேன். தகடுகள் நிற்கப்போகும் இடம் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு மட்டும்தான் தெரிந்தது போலும். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "இங்கன பாம்பு கெடக்கும்," என்றார். பாம்பு கரண்டைத் தின்னாது என்றேன். இன்னொருவர் காற்று அதிகம் என்றார். இரும்பு கொண்டு கட்டுவோம் என்றேன். மூன்றாமவர் அட்டை கடிக்கும் என்றார். அதற்குச் சிரித்துவிட்டேன். சூசை கழுத்தைச் சொறிந்தார். மரியாயி குச்சிகளைப் பார்க்கவில்லை; கீழே பள்ளத்தாக்கில் வத்தேகமப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவு வத்தேகமவில் கன்னியர் மடத்து விருந்தினர் அறையில் தங்கினேன். படுக்கையும் காலை உணவும் நூறு ரூபா. கவலையில்லாமல் தூங்கினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு மேற்கணக்கில் ஏறியபோது புல்லுமலை வெறுமையாக இருந்தது. ஒரு குச்சிகூட இல்லை. குழிகளைக்கூட மண் போட்டு மூடி, மேலே புல்லும் வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காற்றில் விழுந்திருக்கும் என்று பாரூக் நானா சமாதானம் சொன்னார். காற்று புல் நடுமா?

சூசையைக் கூப்பிட்டேன். அவர் என்னை லயங்களுக்குப் பின்னாலிருந்த ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று பக்கமும் மேடு, ஒரு பக்கம் உயர்ந்த சவுக்கு மரங்கள். அந்தப் பள்ளத்தில் என் குச்சிகள் நின்றன. சிவப்புத் துணியோடு, அதே எண்ணிக்கையில், அதே இடைவெளியில். புதிதாய்த் தேயிலைக் கன்று வைக்கும்போது மலையின் வளைவுக்கேற்பக் குச்சி போடுவார்களே, அப்படிப் போட்டிருந்தார்கள். நான் நட்டதைவிட நேர்த்தியாக இருந்தது என்பது கோபத்தை இன்னும் கூட்டியது.

"ஆர் பிடுங்கினது?"

சூசை கழுத்தைச் சொறிந்தார். பின்னால் கொழுந்து மலைக்குப் புறப்பட்டு நின்ற பெண்களுக்குள்ளிருந்து மரியாயி முன்னால் வந்தாள்.

"நாங்கதான் மிஸ். பொம்பளைங்க எல்லாரும் சேந்து புடுங்கி நட்டோம். அங்க வேணாம். இங்க வைங்க."

"ஏன்?"

"இங்க வைங்க மிஸ்."

"இது குழி. இதுக்குள்ள வெயில் எங்க இருக்கு? வெயில் இல்லாட்டி லைட்டும் இல்லை. பிள்ளையும் வீட்ட வரமாட்டாள்."

கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கொழுந்தெடுக்க நேரமாகிவிட்டது என்று மற்றப் பெண்கள் இழுத்ததும் போய்விட்டாள்.

நான் பிடிவாதக்காரி. வந்ததற்கு அளந்து காட்டிவிட்டே போவது என்று பள்ளத்தில் ஒரு கம்பை நட்டு அதன் நிழலைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தேன். காலையில் மேட்டைத் தாண்டி வெயில் வரவே நேரமாயிற்று. வந்த வெயில் நன்றாகத்தான் அடித்தது. பிற்பகலில் சவுக்கு மர நிழல் மெல்ல வந்து கம்பைத் தின்றுவிட்டது. புல்லுமலையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு இங்கே இல்லை. சூசையிடம் கணக்கைக் காட்டினேன். இந்த இடத்தை எழுதினால் கொழும்பில் ஒத்துக்கொள்வது கஷ்டம், ஹந்தானைக்குப் போய்விடும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். "அந்தத் தோட்டத்துக்காரங்களுக்கும் லைட்டு வேணுந்தானே மிஸ்," என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலுக்கு என்ன செய்வது? எனக்கு அழுகை வருமாப்போல இருந்தது. கோபமா, இரக்கமா, தெரியவில்லை.

மாலை புறப்படும்போது நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வான் நிற்கும் இடத்துக்கு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மரியாயி வாசலில் நின்று கூப்பிட்டாள். காலையில் நடந்தது எதையும் அவள் குரலில் வைத்துக்கொள்ளவில்லை.

"நானா, இங்கனயே நோம்பு தொறந்துட்டுப் போங்க. மிஸ்ஸும் வாங்க. ரொட்டி சுட்டிருக்கேன்."

காம்பராவுக்குள் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பாய், சுவரில் இயேசு படம், அதற்குப் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடச் சட்டை. மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு ஒன்று பெட்டிமேல் எரிந்தது. இருந்த ஒரே கதிரையை எனக்குப் போட்டார்கள். பாரூக் நானா சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய பேரீச்சம்பழங்களை எடுத்து எங்களுக்கும் ஒவ்வொன்று தந்தார். நேரம் பார்த்து, வாய்க்குள் ஓதி, பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். மரியாயி அவர் குடித்து முடியும்வரை ரொட்டிச் சட்டியைத் தொடாமல் காத்திருந்தாள்.

முதல் ரொட்டியை நான் பிய்த்த நேரம் கீழே தொலைவில் லொறி ஒன்று ஏறும் சத்தம் கேட்டது. நான் அதைக் கவனிக்கவேயில்லை. மரியாயி கவனித்தாள். இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைத்தாள். அடுப்பில் இருந்த கொள்ளியை இழுத்துச் சாம்பலுக்குள் புதைத்தாள். வாசல் வழியே பார்த்தேன். பக்கத்துக் காம்பராவில் அணைந்தது. அதற்கடுத்ததில். பின் கீழ் லயத்தில் ஒன்று, இரண்டு. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கடைசி லயத்தின் கோடியில் மட்டும் ஒரு வெளிச்சம் சற்று நேரம் இருந்தது. அதுவும் போயிற்று. மேற்கணக்கு முழுக்க இருட்டு. ஒரு குழந்தைகூட இருமவில்லை.

லொறி எங்கோ திரும்பியது, நின்றது, மறுபடி இறங்கிப் போயிற்று. சத்தம் தேய்ந்து, தவளைகளின் ஒலி மட்டும் மிஞ்சியது.

"கொழுந்து லாரி. இன்னைக்கு லேட்டு," என்றார் சூசை. தீக்குச்சி கிழிக்கும் சத்தம் ஒவ்வொரு வாசலாகக் கேட்டது. லாம்பு எரிந்ததும் மரியாயி ரொட்டிச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். வெட்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. தினமும் கதவைச் சாத்துவது மாதிரி அவர்களுக்கு அது ஒரு வேலை.

என் கையில் ரொட்டி அப்படியே இருந்தது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் மின்சாரம் போய் மூன்று வருடம். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் விட்டு அம்மா விளக்கு வைத்திருக்கிறா. போன வருடம் கிளாலிக் கடலைக் கடந்து நான் போய் நின்ற கிழமையில், இரவில் குண்டு போடும் பொம்பர் இரைகிறது என்றால் அம்மா கதைத்துக்கொண்டிருக்கும் வசனத்தை நிறுத்தாமலே ஊதி அணைப்பா. நானும் இரண்டாம் நாளே பழகிவிட்டேன். பழகியவளுக்கு இந்த மலையில் இரண்டு நாளாக ஒன்றும் விளங்கவில்லை.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டேன்.

மரியாயி சுவரிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எண்பத்தி மூணு ஆடிக் கலவரம் மிஸ். பிலோமினா பொறந்த ராத்திரி. லாரில வந்தாங்க. கீக்கணக்க எரிச்சுட்டாங்க. இங்க எல்லாரும் லாம்ப அமத்திட்டு தேயிலைக்குள்ள போயி படுத்துட்டாங்க. என்னால போக முடியல. வலி கண்டுருச்சு. ரெண்டு பொம்பளைங்க என்கூட நின்னுட்டாங்க. வெளிச்சம் இல்லாம புள்ள எடுக்க முடியுமா? லாம்ப அடுப்புக்குள்ள தள்ளி வச்சு, முன்னால கொழுந்துக் கூடைய வச்சு, அது மேல கம்பளியத் தொங்கவிட்டு, அந்த வெளிச்சத்துல எடுத்தாங்க. புள்ள அழுதுச்சு. வாயப் பொத்துன்னாங்க. நா பொத்தல. பாலக் குடுத்தேன்."

"வந்தவை மேல வரேல்லையோ?"

"வரல. மேல ஆளுக இருக்குன்னே தெரியல மிஸ். மூடுபனி வேற. வெளிச்சம் இல்லாததால தப்பிச்சோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க புல்லுமலைல கண்ணாடி கண்ணாடியா வச்சீங்கன்னா பகல்ல பளபளங்கும். அந்த ஸ்டோர்த் தகரம் மாதிரி. வத்தேகம டவுன்ல நின்னே பாக்கலாம். அங்க இருக்காங்கன்னு கைய நீட்டிக் காட்டின மாதிரி ஆயிரும்."

பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தகரத்தை அழகு பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

பாரூக் நானா தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைத் தின்றார். "இத நேத்தே சொல்லியிருந்தா மிஸ் ஏசியிருக்க மாட்டாவே, தங்கச்சி," என்றார்.

"சொன்னா, பயந்தவங்களுக்கு எதுக்கு லைட்டுன்னு வேற தோட்டத்துக்குக் குடுத்துருவாங்கன்னு நெனச்சோம் நானா. லைட்டு வேணும். பயமும் இருக்கு. என்ன பண்றது?"

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "மிஸ், ஒண்ணு கேக்கவா? இந்த வெயில் லைட்ட எல்லாக் காம்பராவுலயும் ஒரே தடவைல அமத்த முடியுமா? இப்ப ஒவ்வொருத்தரா அமத்துறோம். கோடிக் காம்பராவுல காது மந்தமான மனுசன். அவருக்கு எப்பவும் லேட்டு."

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எத்தனை விளக்கு எரியும், எத்தனை மணிநேரம் எரியும் என்றுதான் கேட்பார்கள். அணைப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"ஏலும். ஒரே சுவிட்ச். ஒரே இழுவை. மூண்டு லயமும் இருண்டு போகும்," என்றேன்.

"அப்ப அத எங்க வீட்ல வைங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

மூன்றாம் நாள் புல்லுமலைப் பக்கம் நான் போகவேயில்லை. குச்சிகள் நின்ற பள்ளத்தையே அளந்து வரைந்தேன். மூன்றில் ஒரு பங்கு வெயில் குறைகிறது என்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். காம்பராவுக்கு இரண்டு விளக்கு என்று நான் போட்டிருந்ததை ஒன்றாக்கினேன். இன்னும் கொஞ்சம் இடித்தது. சூசை நீண்ட நேரம் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "மாதா கோயில் லைட்ட எடுத்துருங்க மிஸ். மாதாவுக்கு மெழுகுவத்தி போதும், கோவிச்சுக்க மாட்டா," என்றார். சவுக்கு மரங்களின் பக்கக் கிளைகளைக் கழிக்கத் தோட்டத்துத் துரையிடம் கேட்பது தன் பொறுப்பு என்றும் சொன்னார். சரிவரும் போலிருந்தது. மரியாயி மலையிலிருந்து இறங்கி வந்து தாளைப் பார்த்தாள். தன் காம்பராவைக் காட்டச் சொன்னாள். வாசலையொட்டி நான் வரைந்திருந்த சதுரத்தில் விரலை வைத்து, "இதுவா?" என்றாள். "ஓம், இதுதான்," என்றேன். விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

புறப்படும்போது ஒரு பொட்டலம் தந்தாள். ரொட்டியும் கட்டைச் சம்பலும், மேலே மடித்த பள்ளிக்கூடச் சட்டையும். வத்தேகமவில் நிறுத்தி, கடைவீதிக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டில் பிலோமினாவிடம் கொடுத்தேன். அம்மாவைப் போலவே குள்ளம். ரொட்டியை விட்டுவிட்டுச் சட்டையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா ஏன் இதக் குடுத்து விட்டாங்க? நா அங்கதானே வச்சுட்டு வந்தேன்," என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. விளக்கு வரப்போகிறது, அதுவரைக்கும் சட்டை இங்கே இருக்கட்டும் என்றேன். வரும் என்று நானே நிச்சயமாய்ச் சொல்லிவிட்டேன். கொழும்பு ஒத்துக்கொள்ளுமா என்று எனக்கே தெரியாது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இந்தமுறை வயதான சார்ஜன்ட் இல்லை, இளம் கொன்ஸ்டபிள் ஒருவன். குழாயைத் திறந்தான். தாளை வானின் முகப்பில் விரித்தான். இப்போது அதில் லயங்கள், மரங்கள், பள்ளம், அளவுகள் எல்லாம் இருந்தன. பாரூக் நானா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நான் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னேன். சூரிய வெளிச்சம், பற்றரி, தோட்டத்து ஆட்களுக்கு விளக்கு. அவன் மரியாயியின் வீட்டுச் சதுரத்தில் விரலை வைத்தான். அவள் வைத்த அதே இடம்.

"இது என்ன?"

"பிரதான சுவிட்ச்."

"எல்லா விளக்கையும் போடுவதற்கா?"

ஒரு கணம் தயங்கினேன். "ஆம்," என்றேன்.

"அணைப்பதற்கும் இதுதானே?" என்று கேட்டான்.

அதற்கும் ஆம் என்றேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் ஊர் பதவியாப் பக்கம், போர் நடக்கும் வடக்கின் எல்லையோரச் சிங்கள ஊர் என்று மெல்லச் சொன்னான். அம்மாவும் தங்கைகளும் அங்கே. இருட்டினால் விளக்கை அணைத்துவிட்டுக் காட்டோரம் போய்ப் படுக்கிறார்களாம். யாருக்குப் பயந்து என்று அவன் சொல்லவில்லை. என் அடையாள அட்டை அவன் கையில்தான் இருந்தது. தாளைக் கசங்காமல் சுருட்டி, குழாய்க்குள் போட்டு, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தான்.

ரயில் நிலைய வாசலில் பாரூக் நானா, மூன்று நாளைக்குப் பேசியதில் நூறு ரூபாவைத் திருப்பித் தந்தார். ஏன் என்றேன். "அந்தப் புள்ளைட ரூம்ல ஒரு பல்பு நம்மட பேர்ல போடுங்க," என்றார். அப்படியெல்லாம் கணக்கில் எழுத முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

பிற்பகல் ரயிலில் இடம் கிடைத்தது. கடுகண்ணாவையில் மலை இறங்கும்போது மடியில் தாளை விரித்து அறிக்கையை எழுதத் தொடங்கினேன். அதிக வெயில் விழும் இடத்தைத் தேராததற்குக் காரணம் கேட்பார்கள். 'அங்கு வாழ்கிறவர்கள் அங்கே தொடர்ந்து வாழ விரும்புகிறார்கள்' என்று எழுதினேன். எழுதியதை அடித்துவிடவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் மேசையில் குத்திச் சண்டை பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு அது நன்றாக வரும்.

பிறகு சுவிட்சின் உயரத்தைப் பார்த்தேன். வழக்கமாய்ப் போடுகிற உயரத்தில்தான் போட்டிருந்தேன். ஓர் ஆண் நின்று கையை நீட்டினால் எட்டும் உயரம். ரப்பரை எடுத்து அழித்தேன். மரியாயியின் உயரத்தை நான் அளந்து வைத்திருக்கவில்லை. ஆனால் அவள் கிட்டத்தட்ட என் அம்மா அளவுதான். அம்மாவின் கை எதுவரை எட்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் சுவிட்சை மறுபடி வரைந்தேன்.